வீட்டுத் திண்ணையா, சானடோரியப் படுக்கையா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒருவருக்குக் காசநோய் இருப்பதாக இன்று தெரியவந்தால், அவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு குணமடைகிறார். நமக்கு இது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 1950-ஆம் ஆண்டுகளில் இவ்வாறு சொல்லியிருந்தால் மருத்துவர்களே தயங்கியிருப்பார்கள்.

எலும்புருக்கி நோய் என்று மக்கள் அஞ்சிய அந்நோய்க்கு அதுவரை சொல்லப்பட்ட மருத்துவம் எது? தூய காற்று, சத்துணவு, மாதக்கணக்கில் ஓய்வு, குடும்பத்தினரை விட்டு விலகியிருத்தல். இவை யாவும் சானடோரியத்தில்தான் கிடைக்கும். நம் நாட்டிலோ நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. இடம் கிடைத்தாலும், கூலி வேலை செய்பவர் ஓராண்டு படுத்துவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

இந்நிலையில் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். போன்ற மருந்துகள் வந்து சேர்ந்தன. ஒரு கேள்வியும் எழுந்தது. நோயைத் தீர்ப்பது மருந்தா, படுக்கையா? மருந்துதான் என்றால், அதை வீட்டிலேயே கொடுத்துவிடலாமே!

ஊகத்தைக் கொண்டு ஒரு நாட்டின் திட்டத்தை வகுக்க முடியாது. எனவே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதி மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் நிதியில் இயங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கை கோத்தன. மத்திய அரசின் காசநோய் ஆலோசகர் பி.வி. பெஞ்சமின் இம்முயற்சிக்குத் துணை நின்றார். பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் பாக்ஸ் ஆய்வை முன்னின்று நடத்தினார். நான்கு எசமானர்கள் இருந்தால் வேலை நடக்காது என்பார்கள். இங்கே நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வில் சேர்ந்த 193 பேரும் சென்னை நகரின் ஏழைகள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. இல்லாவிட்டால் இரக்கமுள்ள மருத்துவர் நலிந்தவர்களையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு ஒப்பிட்டுப் பயனில்லை. இரு பிரிவினருக்கும் அதே மருந்துகளே ஓராண்டு தரப்பட்டன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆய்வுக்காக எவருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை.

வீட்டு நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா? இதுவே பெரிய தலைவலி. பணியாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மீதியுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் சென்றதா என்று பார்த்தார்கள். ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கி மட்டுமல்ல, சந்துகளில் நடக்கும் கால்களும்தான்.

முதல் முடிவுகள் 1959-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில், சளியில் கிருமி நீங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வேறுபாடு சிறியது. சானடோரியத்தார் நல்ல உணவு உண்டு எடை கூடியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களோ நெருக்கடியான குடிசைகளில் குறைந்த உணவுடன், பலர் வேலையும் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ அதே நலத்தை அடைந்தார்கள்.

ஆனால் எல்லோரும் அஞ்சியது வேறொன்று: வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றாதா? குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் விடாமல் சோதித்தார்கள். வீட்டு நோயாளிகளின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைவில் குறைந்துவிடுகிறது. ஓராண்டில் கிடைத்த நல்ல செய்தியோடு கணக்கை முடித்திருந்தால் இந்த அச்சம் தீர்ந்திராது.

ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய மையம் 1964-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர நிறுவனமாயிற்று. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இதனிடையே 1962-இல் வகுக்கப்பட்ட தேசிய காசநோய்த் திட்டம், வீட்டு மருத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு, மாவட்டந்தோறும் ஒரு காசநோய் மையம் என்று அமைந்தது. திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரிந்து 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, நோயாளியை ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்ற விதி பழங்கதையாகத் தொடங்கியிருந்தது. மாத்திரையை இடையில் நிறுத்திவிடும் நோயாளியைத் தேடிச் சென்று பேசும் வேலை மட்டும் இன்றும் ஓயவில்லை.