முட்டை போடாத ஓணான்... இலங்கை மலைக்காட்டில் ஒரு கட்டைவிரல் அதிசயம்!

ஓணான்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வேலி, உச்சி வெயில், தலையை ஆட்டிட்டு எடுக்கிற ஓட்டம். இது மூணுமே செட் ஆகாத ஓர் ஓணான் இலங்கையில இருக்கு. பேரு குள்ள ஓணான். அறிவியல் பெயர் கோபோடிஸ் சிலானிகா.

நுவரெலியா, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளினு நம்ம ஊட்டி மாதிரி குளிர்ற இலங்கையின் மத்திய மலைநாடுதான் இதோட வீடு. சுமார் 1,300 மீட்டர் உயரத்துக்கு மேலதான் வாழும். உடம்பு உங்க கட்டைவிரல் நீளம், வாலையும் சேர்த்தா ஒரு பேனா நீளம். அவ்வளவுதான். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், சீரில்லாத பெரிய பெரிய செதில்கள். பாசி படிந்த கிளையில உட்கார்ந்தா, பக்கத்துல நின்னாலும் தெரியாது. பச்சோந்தி மாதிரி வாலைக் கிளையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு நிதானமா நகரும். அவசரமே கிடையாது!

ஆனா, உண்மையான ஆச்சர்யம் வேற. இது முட்டை போடாது, நேரடியா குட்டி போடும். இலங்கையின் ஓணான் குடும்பத்துல கோபோடிஸ் இனங்களுக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம். ஏன்? மலை உச்சியில மண்ணு சில்லுனு இருக்கும். அதுல முட்டையைப் புதைச்சா கரு வளரத் தேவையான சூடு கிடைக்கிறது கஷ்டம். அதே முட்டை தாயின் வயித்துக்குள்ளயே இருந்தா? அம்மா வெயில் விழுற கிளையாப் பார்த்துப் போய் உட்காரும். குட்டிக்கும் சூடு கிடைச்சிடும். நடமாடும் இன்குபேட்டர்! குளிர்ப் பகுதிகள்ல வாழும் பல ஊர்வன இப்படிக் குட்டி போடுறதுக்கு ஆய்வாளர்கள் பொதுவா சொல்ற விளக்கம் இதுதான்.

அதே மலையில மூக்குல கொம்போட திரியுற கொம்பு ஓணான் மட்டும் இன்னமும் மண்ணைத் தோண்டித்தான் முட்டை போடுது. ஆக, குளிருக்கு ஒரே பதில்தான்னு இல்ல.

கோபோடிஸ் பேரினத்துல இப்போ மொத்தமே ரெண்டு இனங்கள்தான். ரெண்டும் இலங்கையில மட்டுமே இருக்கு. சிலானிகாவை 1861-லேயே விவரிச்சுட்டாங்க. நக்கிள்ஸ் மலைத்தொடர்ல வாழும் இன்னொன்னு தனி இனம்னு தெரியவந்தது 2006-லதான். அந்த மலையோட சிங்களப் பெயரான 'தும்பர'தான் அதுக்கும் பெயர். உலக அளவுல அது 'மிக ஆபத்தான நிலையில்' இருக்கிற உயிரினம்.

என்ன ஆபத்து? தேயிலைக்காகவும் ஏலக்காய்க்காகவும் காடு துண்டு துண்டாப் போனது ஒண்ணு. ஹோர்ட்டன் சமவெளியில மரங்கள் நின்ன இடத்துலயே பட்டுப்போறது இன்னொண்ணு. பூமி சூடானா கீழே இருக்கிற உயிர்கள் இன்னும் மேல ஏறித் தப்பிக்கலாம். ஏற்கெனவே உச்சியில இருக்கிறது எங்கே ஏறும்?

இதையெல்லாம்விடக் கடுப்பான விஷயம், கடத்தல். வெளிநாடுகள்ல அரிய ஓணான்களை வளர்க்க ஒரு கூட்டமே அலையுது. இலங்கையிலிருந்து இதை ஏற்றுமதி செய்யுறது சட்டவிரோதம். அப்படியும் வெளியே போய் விற்பனைக்கு வந்திருக்கு. குட்டி போடும் குணமே இங்க எதிரியாகுது பாருங்க: காட்டுல பிடிச்ச சினை ஓணான் வெளிநாட்டுக் கூண்டுல குட்டி போட்டா, 'இது இங்கேயே பிறந்தது'னு சொல்லி வித்துடலாம். இந்தக் கவலையோட இலங்கை, 2019-ல ஜெனீவாவில் நடந்த 'சைட்ஸ்' மாநாட்டுக்குப் போச்சு. இப்போ ரெண்டு இனங்களுமே அந்த ஒப்பந்தத்தின் முதல் பட்டியல்ல இருக்கு. அதாவது, காட்டுல பிடிச்சதை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் பண்ண முடியாது. புலிக்கு இருக்கிற அதே அந்தஸ்து, இந்தக் கட்டைவிரல் ஓணானுக்கும்!

இலங்கை டூர் போறவங்க பெரும்பாலும் 'உலக முடிவு' பள்ளத்தாக்கைப் பனி மூடுறதுக்குள்ள பார்த்துடணும்னு விடியற்காலையிலேயே ஹோர்ட்டன் சமவெளிக்கு ஓடுவாங்க. திரும்பி வர்றப்போ கொஞ்சம் மெதுவா நடங்க. பாசி படிந்த கிளைகள், பாதையோரப் புதர்கள்ல வெயில் விழுற பக்கம் கண்ணை வைங்க. கண்ணுல பட்டா தூரத்துல இருந்தே ஜூம் பண்ணி எடுங்க. கையில பிடிச்சு செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டாம், தேசியப் பூங்காவுக்குள்ள அது குற்றம். போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி போட்டோவுல லொகேஷன் ஆஃப்ல இருக்கானு ஒரு தடவை செக் பண்ணிடுங்க. எந்தப் பாதை, எந்த வளைவுனு கேப்ஷன்லயும் எழுத வேண்டாம். கடத்துறவங்க கையிலயும் போன் இருக்கு.