நான்கு பிரிவுகளில் ஒரு விடுதலை: 1843ஆம் ஆண்டுச் சட்டமும் கூடலூர்ப் பணியரும்

நீலகிரியின் வரலாற்றை உதகமண்டலத்திலிருந்து எழுதினால் அதில் அடிமைமுறைக்கு இடமிருக்காது. எல்லைக்கோடு செய்த வேலை அது. அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1843இல் மேட்டுநிலத்தின் மேற்குப் பகுதி மலபாரிலிருந்து கோயம்புத்தூருக்குத் திரும்பியது. அவலாஞ்சிப் பக்கம் எழும் குந்தா மலைகள் மட்டும் 1860 வரை மலபாரிலேயே நின்றன. 1868இல் நீலகிரி தனி ஆணையரின் கீழ் வந்தபோதும் கூடலூர், பந்தலூர்ப் பகுதி வயநாட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. மாவட்டத்தோடு இணைந்தது 1877இல்தான். பழங்குடியினரான பணியர் வாழ்ந்த நிலம் பிற்சேர்க்கையானதால் அவர்களது அடிமைத்தனமும் பிற்சேர்க்கையாயிற்று.

போரின்றி, நட்டஈடின்றி, அமெரிக்காவுக்கு 22 ஆண்டு முன்னதாகவே இந்தியா அடிமைகளை விடுவித்தது என்று 1843இன் ஐந்தாம் சட்டத்தைப் போற்றும் ஆய்வுமரபு ஒன்று உண்டு. அது செத்த எழுத்து என்று தள்ளும் மரபும் உண்டு. இரண்டுமே சட்டத்தின் இரண்டாம் பிரிவோடு நின்றுவிடுகின்றன.

சட்டத்தில் நான்கே பிரிவுகள். கடனுக்கோ வரிபாக்கிக்கோ அடிமையை அதிகாரிகள் விற்கக் கூடாது. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவர் தம் உழைப்பாலோ மரபுவழியாகவோ பெற்ற சொத்தை இழக்கமாட்டார். சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அடிமைமுறை ஒழிந்தது என்று எங்கும் சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பதே குற்றம் என்றும் சொல்லவில்லை. அந்த வேலையைத் தண்டனைச் சட்டம் 1860இல்தான் தொடங்கியது.

கவனிக்க வேண்டியது மூன்றாம் பிரிவு. சொத்துள்ளவரையே அது சுதந்திர மனிதராகக் கற்பனை செய்கிறது. பணியரிடம் இருந்தது என்ன? குடிசை ஜன்மியின் (பரம்பரை நிலவுடைமையாளரின்) நிலத்தில்; கூலி வல்லி எனப்படும் நெல்லாக. மானந்தவாடியருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், மீன மாதத்தில், தேவி முன்னிலையில் ஒரு சிறு தொகை கைமாறும். அடுத்த திருவிழா வரை ஆள் கட்டுண்டார். இந்தப் பிடிப்புக்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை. நீதிமன்றம் விலகிக்கொண்டதால் குறைந்தது என்ன?

காபித் தோட்டக்காரர்கள் வயநாட்டில் நிலம் வாங்கியபோது அதில் குடியிருந்த பணியரும் சேர்ந்தே வந்தனர், நடைமுறையில் அடிமைகளாக, என்று 1909இல் இனவரைவியலர் தர்ஸ்டன் பதிவுசெய்கிறார். பிற்காலப் பதிவு, அதுவும் ஆளுவோர் தரப்புப் பதிவு. அதிகம் சுமத்தக் கூடாது. ஆயினும் அவர் விவரிக்கும் விற்பனை சட்டத்துக்கு முரணானதன்று என்பதே இங்கு வாதம். நிலம் விற்கப்பட்டது, ஆட்கள் விற்கப்படவில்லை. போக வேறிடம் அவர்களுக்கில்லை.

தஞ்சையின் பண்ணையாட்கள் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்களே என்று எதிர்வாதம் வரலாம். அது சமவெளியின் கதை.

மூடிய கதவு வேறு பெயரில் திறந்ததும் விரைவிலேயே. 1859இன் பதின்மூன்றாம் சட்டப்படி, முன்பணம் வாங்கி வேலையைக் கைவிட்ட தொழிலாளியை நீதிபதி வேலைக்குத் திருப்பலாம். மறுத்தால் மூன்று மாதம் சிறை. முதலில் மாகாணத் தலைநகரங்களுக்கென வந்த இச்சட்டம் பின்னர் வேறிடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டு, 1926 வரை நடப்பில் இருந்தது. தோட்ட முதலாளிகளுக்கென்றே சென்னை மாகாணம் 1903இல் தனிச் சட்டமும் செய்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களும் 1865–66இல் கறுப்பர் சட்டங்கள் மூலம் ஒப்பந்த மீறலைத்தான் தண்டித்தன. விடுதலையான கறுப்பருக்கென வடதரப்புத் தளபதி ஷெர்மன் ஒதுக்கிய நிலம் அதே 1865இல் பழைய உடைமையாளருக்கே திரும்பியது. ஆனால் அங்கே 1868இன் பதினான்காம் திருத்தம் குடியுரிமையையாவது எழுதிவைத்தது. 1843இல் அப்படி ஒரு வரியும் இல்லை.

பணியரின் நிலைக்குப் பொருந்தும் சட்டச் சொல் 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில்தான் வருகிறது: ஆறாம் பிரிவு கடனை அழிக்கிறது, எட்டாம் பிரிவு குடிசையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. விடுதலையை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவதே பொருத்தம். ஆனால் நிலத்தின் கணக்கு வேறு: கூடலூர் ஜன்ம நிலங்களை ரயத்துவாரியாக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்குகள் அதற்குப் பிறகும் முடியவில்லை. 1988இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் பின்னே ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் பேரணி சென்றனர். அவர்கள் முன்வைத்தது நில உரிமைக் கோரிக்கை.