தூரத்தின் விலை

வட இலங்கையின் முனையிற் கடலை நோக்கி நிற்கும் பருத்தித்துறை, பெயருக்கேற்பத் துறைமுகப் பட்டினம். பாய்மரத் தோணிகள் ஓடிய காலத்தில் ஒருவர் தம் சரக்குக்கென்றே தோணியொன்றை அமர்த்தினாற் செலவு மிகும். பலருடைய மூடைகளோடு தம் மூடையையும் ஏற்றிவிட்டாற் செலவு குறையும். தொலைபேசியின் அண்மைக்கால வரலாறும் ஏறக்குறைய இக்கணக்கே ஆகும்.

பழைய கம்பித் தொலைபேசியில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு வழி முழுவதும் அவ்விருவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் மௌனமாயிருந்தாலும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இணையத் தொலைபேசியிலோ குரல் சிறு சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு, பிறருடைய பொதிகளோடு கலந்து சென்று, மறுகரையில் மீண்டும் கோக்கப்படுகின்றது. இதற்கான மென்பொருளை இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அவ்வாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இணையம் இருக்கட்டும், சாதாரணத் தொலைபேசியே எட்டாப் பொருளாயிருந்தது. 1990-இல் மீண்டும் மூண்ட போர் மின்சாரத்தையும் தொலைபேசியையும் ஒருங்கே பறித்துவிட்டது. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்த பிள்ளைகளின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர் பலர், கிளாலிக் கடலேரியை இரவிற் படகேறிக் கடந்து, வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்தது. சில நிமிடப் பேச்சுக்காக உயிரைப் பணயம் வைத்த பயணம் அது. அக்காலத்துத் தொலைபேசிக் கட்டணத்தைக் கணக்கிடுவோர் இதனையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

தலைநகரில் நடந்த கணக்கு வேறு. 1997 ஓகஸ்டில் சிறீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் 22 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை ரெலிகொம்மிடமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை உள்ளூர்க் காதுவரை கொண்டுசேர்ப்பதற்கு, அழைத்த நாட்டு நிறுவனம் நிமிடக் கணக்கிற் பணம் தரவேண்டும். மக்கள் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த ஒரு நாட்டுக்கு இது டொலர் சுரக்கும் ஊற்றன்றோ!

ஆயின், பங்கு கைமாறிய அதே மாதத்தில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, தன் நாட்டு நிறுவனங்கள் பிற நாடுகளுக்குக் கொடுக்கும் இக்கட்டணத்துக்கு, நாட்டின் வருமான நிலைக்கேற்ப நிமிடத்துக்கு 15 முதல் 23 சதம் வரை உச்சவரம்பு விதித்தது. ஊற்று விலைபோன வேளையிலேயே வற்றத் தொடங்கிவிட்டது எனலாம்.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், செல்லிடத் தொலைபேசி குடாநாட்டை எட்டியது. தனியுரிமை முடிவுற்றதும், 2003-இல் வேறு பல நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு அழைப்புக்கான அனுமதி கிடைத்தது. ரெலிகொம் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்ததும், ஸ்கைப் வெளியானதும் அவ்வாண்டிலேயே. டயலொக் 2005-இற் பங்குச் சந்தைக்கு வந்தது. என்.ரி.ரி. தன் பங்கை 2008-இல் மலேசியாவின் உசாஹா தெகாஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு விற்று விலகியது.

நிமிடத்தை விற்கும் தொழில் தளர்ந்து, தரவை விற்கும் தொழில் அதனிடத்தைப் பிடித்தது. குரலைச் சுமக்கும் ஸ்கைப்புக்கும் வாட்ஸப்புக்கும் சொந்தக் கம்பியுமில்லை, கோபுரமுமில்லை. அவற்றுக்காகக் கடன்பட்டுச் செலவிடுவோர் உள்ளூர் நிறுவனத்தார். தொலைத்தொடர்புப் பங்கொன்றை வாங்க எண்ணுவோர், எத்தனை பேர் பேசுகின்றனர் என்பதை விட, அந்நிறுவனத்தின் கடனையும், தரவுக்கு அது பெறும் விலையையும் பார்ப்பது பயனுடையது. பேசுவோர் தொகை பெருகப் பெருக நிமிட வருவாய் சுருங்கிய விந்தையை இக்காலம் கண்டுவிட்டது. இணையத் தொலைபேசிச் செயலிக்கும் நிலைபேறு இல்லை. ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது.

இன்று பருத்தித்துறையிலிருந்து ரொறன்ரோவுக்குப் பேசும் தாய் நிமிடத்தை எண்ணுவதில்லை; முகத்தையும் பார்த்தே பேசுகிறார். தூரத்தின் விலை ஏறக்குறைய ஒழிந்தது. துண்டிக்கப்படும் அச்சம் மட்டும் ஒழியவில்லை. 2006 ஓகஸ்டிற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுச் செல்லிடத் தொலைபேசிகள் ஊமையாயின. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் கம்பி அறவில்லை, கோபுரம் சரியவில்லை. ஆயினும் அரசின் ஆணையால் நாடெங்கும் வாட்ஸப்பும் வைபரும் சில நாள்கள் முடக்கப்பட்டன. மாற்று வழி அறியாத முதியோருக்கு அந்நாள்களில் எஞ்சியிருந்தது, நிமிடத்துக்குக் காசு கேட்கும் அந்தப் பழைய தொலைபேசி ஒன்றே.