நான்கு கட்டளைகள்

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கட்டளைகள் என்றால், புதுக் கருவி வரும்போதெல்லாம் பழைய நிரலைத் திருத்த வேண்டும் அல்லவா? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. திற, படி, எழுது, மூடு என்னும் நான்கு கட்டளைகள் கோப்புக்கும் காந்த நாடாவுக்கும் தட்டச்சு முனையத்துக்கும் பொதுவாயின.

திறந்ததும் நிரலுக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நிரல் அறிய வேண்டியதில்லை. உரிய செயல்முறையை யூனிக்ஸே அட்டவணை பார்த்துத் தேர்ந்துகொள்ளும். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைக் கருத்துகளில் இதுவும் ஒன்று.

1973இல் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி 'குழாய்' சேர்ந்தது. ஒரு நிரலின் விடை நேரே அடுத்த நிரலுக்குப் பாய்ந்தது. அதை வாங்கவும் புதுக் கட்டளை தேவைப்படவில்லை. பழைய 'படி'யே போதுமானதாயிற்று!