முத்துப் பாரும் அறிஞர் சொல்லும்

கடல் கட்டி என்பவர் வந்து மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டிய பின்னரே முத்துக்குளிப்போர் நீரில் இறங்குவது பண்டை வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, இப்பணி செய்த பிராமணர்க்கு முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதெனக் கூறுகிறார். ஆங்கிலேயர் காலத்திலும் வழக்கம் ஓயவில்லை. இலங்கைச் சலாபத்தில் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த குடும்பத்தின் அந்நாளைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று டென்னன்ட் எழுதி வைத்துள்ளார்! நாம் நகைக்கலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின்முன் நிற்பவனுக்கு யாரேனும் ஒருவரின் சொல் வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லை உரைக்க விஞ்ஞானி வந்தார். பத்தாண்டுகளாகச் சிப்பியின்றிக் கிடந்த மன்னார் வளைகுடாப் பார்களை ஆராய, லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் ஜேம்ஸ் ஹார்னலைத் துணைக்கொண்டு வந்தார். அவரது அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பெரிய பாரில் திரளும் இளஞ்சிப்பிகள் தென்மேற்குப் பருவக்காற்றில் அடித்துச் செல்லப்படும், அவற்றைப் பெயர்த்து நல்ல பார்களில் இடவேண்டும் என்பது அவர் கண்டு சொன்னது. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளவுயிரே முத்துக்குக் கரு என்பது அவர் கருதிச் சொன்னது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எவருக்கும் பொறுமையில்லை. 1905 சலாபத்தில் இலங்கை அரசுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் கிடைத்தது. மறுஆண்டே ஒரு லண்டன் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனியும் மறைந்தது.

‘அன்று கடலை அறிந்ததாகச் சொன்னவர் ஏமாற்றினார், இன்று கடல் சூடாகிறது, மட்டம் உயர்கிறது என்போரை மட்டும் ஏன் நம்பவேண்டும்?’ என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களை அறியாதவர் என ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் எச்சரிக்கை வெளியானபோது குமரிக்கரையினர் பலர் ஆழ்கடலில் இருந்தனர்; அச்சொல் அவர்களை எட்டவேயில்லை. சென்று சேராத அறிவின்மீது நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்?

ஆனால் ஹெர்ட்மனின் புழுக் கொள்கையை வீழ்த்தியது யார்? கடல் கட்டியல்லர். 1912-இல் முத்துக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்த ஜேம்சன் என்னும் மற்றொரு விஞ்ஞானியே. சிப்பியின் போர்வைத் தசையிலிருந்து உண்டாகும் பையே முத்தைச் சுரக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்தத் திருத்திய அறிவைக் கொண்டே 1973-இல் நம் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழுவினர் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர். இயற்கைச் சலாபமோ 1961-உடன் நின்றுபோயிற்று.

ஹெர்ட்மன் கொள்கை ஒரு குழு சில பருவங்களில் கண்டவற்றின்மேல் எழுந்தது. கடலின் வெப்பமோ கப்பல்களாலும் மிதவைகளாலும் செயற்கைக்கோள்களாலும் பல நாட்டவர் பல்லாண்டுகளாக அளந்து, ஒருவர் கணக்கை மற்றவர் சோதித்து வருவது. 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்றுப் பேசினார். அறிவியல் வினாக்களுக்குத் தீர்ப்புச் சொல்வது திருச்சபையின் வேலையன்று எனவும் அதே மடலில் எழுதினார். இரண்டாவதைப் படித்தவர் சிலரே.

அளப்பவர் நேர்மையை நம் கரையிலேயே காணலாம். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள விலாங்குச்சல்லித் தீவு மூழ்கிவிட்டது. வான் தீவு பெரிதும் தேய்ந்துவிட்டது. எல்லாப் பழியையும் உயரும் கடல்மீது போடுவது எளிது. ஆனால் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததையே ஆய்வாளர்கள் முதற்காரணமாகக் காட்டுகின்றனர். அவர்களே 2010-லும் 2016-லும் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்ததையும் பதிவு செய்தனர். பாறை வெட்டியதை நேரில் கண்ட நம் முதியோரின் நினைவும் இந்த அறிக்கைகளும் ஒன்றையே சொல்கின்றன. வான் தீவைச் சுற்றி 2015 இறுதியிலிருந்து செயற்கைப் பாறைகள் இடப்பட்டன.