பாம்பேயி தெருவும் நம்ம பாட்டியும்

1/ இத்தாலியின் பாம்பேயி நகரம் கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அங்க பல தெருவுல எரிமலைக் கல். மழைத்தண்ணியில் கால் நனையாம கடக்க நடுவுல உயரமான கற்கள், வண்டிச் சக்கரம் போக இடைவெளி.

2/ அருமையான யோசனை. ஆனா எட்டி வைக்க முடிஞ்ச காலுக்கு மட்டும்!

3/ 2016-ல்தான் அங்க 3 கி.மீ.க்கு மேல் சக்கர நாற்காலிப் பாதை திறந்தாங்க.

4/ இதை ஏன் ஒரு டாக்டர் சொல்றேன்? இடுப்பு எலும்பு முறிஞ்சு வர்ற பாட்டிங்க பலர், "கல் தடுக்கிருச்சு"ன்னுதான் சொல்வாங்க. குத்தம் கல் மேல இல்லங்க, பதிச்ச விதத்துல. சமமா, சொரசொரப்பா, இடுக்கு நிரப்பிப் பதிச்சா அதே கல்லில் சக்கரமும் உருளும்.

5/ உங்க தெருவுல கல் பதிக்க வந்தா கேளுங்க: "இதுல எங்க பாட்டி நடப்பாங்களா?"