மலையடி, ஆற்றங்கரை, மேட்டுக்காடு

கொங்கு வழித்தடங்கள் – 17

சென்ற வாரம் பொள்ளாச்சிச் சந்தையோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து பழனிச் சாலையில் கிழக்கே போனால் அடுத்த பெரிய ஊர் உடுமலைப்பேட்டை. தைப்பூசம் நெருங்கும் நாட்களில் இந்தச் சாலையோரம் முழுக்கப் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக இருக்கும். கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்கள் உடுமலையில் மோர் குடித்து, காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கோடை விடுமுறையில் இன்னொரு கூட்டம் காரில் வரும். டீ குடித்துவிட்டு அது மூணாறுக்கு ஏறிவிடும். இரண்டு கூட்டத்துக்கும் உடுமலை ஒரு வழித்தங்கல் மட்டுமே.

நாம் இங்கே இறங்குவோம். இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடும்போது கோயிலைத் தனியாகவும், அணையையும் அருவியையும் தனியாகவும் எழுதுவது வழக்கம். அப்படிப் பிரித்தால் ஊரின் வரலாறு பிடிபடாது. உடுமலையைச் சுற்றி மூன்று வகை நிலம் இருக்கிறது. தெற்கே மலையடி, கிழக்கே ஆற்றங்கரை, வடக்கே மேட்டுக்காடு. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வரும் வழி வேறு, கும்பிடும் சாமியும் வேறு.

இதற்குக் காரணம் மழை. ஆனைமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்குச் சரிவிலும் வால்பாறை மேட்டிலும் இறக்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அங்கேதான் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் உள்ள உடுமலைக்கு அந்தப் பருவத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றை நம்பித்தான் வடக்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மழை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெய்தும் தன் காட்டில் பெய்யாத ஊர் இது. தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு இங்குள்ளவர்கள் காலந்தோறும் சொன்ன பதில்களைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

மலையடி: திருமூர்த்திமலை

உடுமலையிலிருந்து தளி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் திருமூர்த்திமலை. அடிவாரத்தில் ஒரு பெரும் பாறை, அதில் புடைப்பாகச் செதுக்கிய திருவுருவம். அதுவே அமணலிங்கேசுவரர் சன்னிதி. அத்திரி முனிவரும் அனுசூயா தேவியும் வாழ்ந்த இடம் என்றும், மும்மூர்த்திகளும் அனுசூயையின் கற்பைச் சோதிக்க வந்தது இங்கேதான் என்றும் தலபுராணம் சொல்கிறது. சாமியின் பெயரையும் பாறைச் சிற்பத்தையும் வைத்து இது முன்பு சமணத் தலமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. விஜயமங்கலம், சீனாபுரம் என்று கொங்கு நாடெங்கும் சமணத் தடங்கள் கிடைப்பதை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அந்த வரிசையில் இந்தக் கருத்து பொருந்தாமல் போகவில்லை.

கோயிலுக்கு மேலே, காட்டுப் பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஏறினால் பஞ்சலிங்க அருவி. குருமலை, குழிப்பட்டிப் பக்கத்து மலைகளில் மழை பெய்தால் இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாலாறு கோயிலை ஒட்டியே ஓடுவதால் அந்த வெள்ளம் சன்னிதியையும் சூழ்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் உண்டியல்களைப் பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்டிவிட்டு, அருவிக்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் சாமிக்குத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அபிஷேகம் செய்ய வேண்டும். இங்கே ஆறு தானாக உள்ளே வந்துவிடுகிறது.

இந்தக் கோயிலின் பெரிய நாட்கள் இரண்டும் உழவனின் நாட்கள். மகா சிவராத்திரிக்குப் பூலாங்கிணறு கிராமத்திலிருந்து திருச்சப்பரம் வரும். வழியிலுள்ள விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த தானியத்தை அதற்குக் காணிக்கையாகத் தருவார்கள். ஆடி அமாவாசைக்கு முந்தைய நாளிலிருந்தே சுற்றுவட்டாரத்துச் சவாரி வண்டிகள் வரத் தொடங்கிவிடும். மாட்டுக்கு நோய்நொடி வரக்கூடாது, ஆடியில் விதைப்பது வீண்போகக்கூடாது என்ற வேண்டுதல் அது. டிராக்டரும் காரும் வந்துவிட்ட பிறகும், இந்த ஒரு நாளுக்காகவே மாட்டைப் பூட்டி வண்டி கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன.

கோயிலுக்குக் கீழே விரிந்து கிடப்பது திருமூர்த்தி அணை. சுற்றுலா வருபவர்கள் இதைக் கோயிலுக்குப் பொருத்தமான ஓர் ஏரி என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் 60 அடி உயரத்துக்கு இங்கே தேங்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மலையில் பிறந்ததல்ல. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கடைசிக் கட்டம் இந்த அணை. மேற்கே கேரளக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆறுகளின் நீரை அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த பின், ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் விடுகிறார்கள். மலைச்சரிவின் இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் ஓடிவரும் அந்தக் கால்வாய் இந்த அணையில் வந்து முடிகிறது. காமராஜர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் அமைச்சராகவும் இருந்த காலத்தில் உருப்பெற்ற திட்டம் இது. தமிழகமும் கேரளமும் 1970 மே 29 அன்று இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் முதல் அது செல்லும் என்று வைத்துக்கொண்டன. ஒப்பந்தத் தாள் வருவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது!

தளி: பாளையத்தின் குளங்கள்

திரும்பும் வழியில் தளியில் நிற்க வேண்டும். எத்தலப்ப நாயக்கர் ஆண்ட பாளையம் இது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கொங்குப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே பாளையக்காரர்களின் கிளர்ச்சி மூண்டது. பழனிக்குக் கிழக்கே விருப்பாட்சியை ஆண்ட கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கில் ஏறினார். தூக்குக் கயிறு எல்லா இடத்திலும் கம்பெனியின் கையில் இருந்தபோது தளியில் மட்டும் கதை திரும்புகிறது. கம்பெனி அனுப்பிய வெள்ளைக்காரத் தூதுவனை எத்தலப்பர் தூக்கிலிட்டார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வெள்ளைக்காரனின் கல்லறை என்று தினைக்குளத்தில் ஒரு கல்லறையைக் காட்டுகிறார்கள்.

தினைக்குளம் என்ற பெயரைக் கவனியுங்கள். பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம், செட்டிக்குளம், கரிசல்குளம் என்று அதற்குக் கூடப்பிறந்த குளங்கள் உண்டு. ஏழு குளப் பாசனம் என்று இன்றும் வழங்குவது இதைத்தான். தளி வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒரு குளத்தை நிரப்பி அடுத்ததற்கு இறங்கும் பழைய ஏற்பாடு அது. உடுமலையிலிருந்து திருமூர்த்திமலைக்குப் போகும் வழியிலேயே இவற்றில் சிலவற்றின் கரைகள் தென்படும். போர்க்கதையைத் தேடித் தளிக்கு வருபவர்கள் இந்தக் கரைகளையும் பார்க்க வேண்டும். பாளையம் போய் இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. குளம் இன்னும் வேலையில் இருக்கிறது.

ஆற்றங்கரை: கொழுமம் முதல் கடத்தூர் வரை

இனி கிழக்கே அமராவதிக் கரைக்குப் போவோம். மறையூர்ப் பக்கத்து மலைகளில் பிறக்கும் பாம்பாறும் சின்னாறும் தேனாறும் சேர்ந்து சமவெளிக்கு இறங்கும் ஆறு இது. சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று குறிப்பிடும் ஆறும் இதுவே. கரூர் வரை போய்க் காவிரியில் கலக்கிறது.

இந்தக் கரையைக் கல்வெட்டுகள் கரைவழி நாடு என்கின்றன. கொங்கின் 24 நாடுகளில் ஒன்று. கொழுமத்தில் தாண்டேசுவரர் கோயிலும் கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. கடத்தூரில் அர்ச்சுனேசுவரர் கோயில் ஆற்றை ஒட்டியே நிற்கிறது. குமரலிங்கத்தில் காசி விசுவநாதர், சோழமாதேவியில் குலசேகர சுவாமி. கொழுமத்திலும் கடத்தூரிலும் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. தஞ்சைச் சோழருக்குப் பின், ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு வரை இந்த நாட்டை ஆண்டவர்கள் அவர்கள்.

இத்தனை கல் கோயில்கள் ஏன் இந்தக் கரையில் மட்டும் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன? விடை கோயிலுக்குள் இல்லை, ஆற்றின் பழைய வாய்க்கால்களில் இருக்கிறது. ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. இவை ஊர்ப் பெயர்கள் மட்டுமல்ல, அமராவதியிலிருந்து பிரியும் எட்டு ராஜவாய்க்கால்களின் பெயர்களும்கூட. கோயில் பட்டியலையும் வாய்க்கால் பட்டியலையும் அருகருகே வைத்தால் ஊர்கள் திரும்பத் திரும்ப ஒத்துப்போகும். நெல் விளைந்த இடத்தில்தான் கோயிலுக்கு எழுதிவைக்க நிலம் இருந்தது. நிலமும் நெல்லும் இருந்த இடத்தில்தான் கல்லில் எழுத ஒரு கொடை இருந்தது.

1957இல் மேலே அமராவதி அணை வந்தது. உயரம் 90 அடி, கொள்ளளவு 4 டி.எம்.சி. இன்று திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 55 ஆயிரம் ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. ஆனால் தண்ணீர் திறக்கும்போது பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்ற பிரிவு இன்னும் உண்டு. எட்டு ராஜவாய்க்கால்களும் பழைய ஆயக்கட்டில் வருபவை. பழைய வாய்க்காலுக்குள்ள உரிமையை அணையால் அழிக்க முடியவில்லை.

அணையருகே முதலைப் பண்ணை இருக்கிறது. 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் அங்கேதான். பக்கத்திலேயே மூணாறுச் சாலையில் வனத்துறையின் ஒன்பதாறு சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கோடையில் யானைகள் சாலையைக் கடந்து அணைத் தண்ணீருக்கு இறங்கும். அப்போது வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது.

மேட்டுக்காடு: ஆல்கொண்டமால்

மலையும் ஆறும் இல்லாத வடக்கே போனால் என்ன இருக்கும்? சோளமும் மானாவாரியும் மாடும். பெதப்பம்பட்டி அருகே சோமவாரப்பட்டியில் இருக்கும் ஆல்கொண்டமால் கோயில் இந்த நிலத்துக்கு உரியது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் புற்றின் மேல் பால் சொரிந்தன, அங்கே சாமி வெளிப்பட்டது என்பது தலக்கதை. இங்கே கல்வெட்டைத் தேடிப் பயனில்லை, காணிக்கையைப் பாருங்கள். மாடு, கன்று என்று மண்ணால் செய்த உருவாரங்களைக் கொண்டுவந்து வைத்து, தங்கள் பட்டி பெருக வேண்டிக்கொள்கிறார்கள். மாட்டுப் பொங்கலை ஒட்டி நடக்கும் விழாவில் கறந்த பால் சாமிக்கு வந்து சேரும்.

பொங்கல் சமயத்தில் பிறக்கும் கன்றைச் சாமிக்கு என்று நேர்ந்துவிடும் வழக்கமும் உண்டு. அது வளர்ந்தால் சலகெருது. மார்கழி இரவுகளில் உருமி முழங்க, நீண்ட மூங்கில் கழிகளோடு அதன் முன்னே ஆடிப் பழக்குவார்கள். கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டமும் இதே உருமிக்கு ஆடுவதுதான். பாட்டும் ஆட்டமும் இப்படி ஊறிய மண்ணில்தான், பூளவாடியில், 1899இல் உடுமலை நாராயணகவி பிறந்தார். பின்னாளில் 'பராசக்தி', 'வேலைக்காரி' படங்களுக்குப் பாட்டெழுதிய அவர், இளமையில் கிராமியக் கலைகளில் ஆடிப் பாடி வளர்ந்தவர்.

எப்படிப் பார்ப்பது?

ஒரே நாளில் மூன்று நிலத்தையும் சுற்ற முயன்றால் சாலை மட்டுமே நினைவில் நிற்கும். மலையடிக்கு ஒரு நாள், ஆற்றங்கரைக்கு ஒரு நாள் என்று வையுங்கள். மேட்டுக்காட்டுக்கு மாட்டுப் பொங்கலன்று வாருங்கள். மழை நாளில் பஞ்சலிங்க அருவியைத் தவிருங்கள்.

ஒரு வேண்டுகோள். திருமூர்த்தி அணையில் படமெடுத்து முடித்ததும் பிரதான கால்வாய் தொடங்கும் மதகுப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கிருந்து வெள்ளகோவில் வரை 124 கிலோமீட்டர் போகிறது அந்தக் கால்வாய். பாசனப் பரப்பு 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது என்பதால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்திருக்கிறார்கள். ஒரு காட்டுக்கு முறை வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். மழையைப் பார்த்து ஏங்கிய நிலம் இப்போது முறையை எண்ணிக் காத்திருக்கிறது. ஆடி அமாவாசைக்கு இன்றும் வண்டி கட்டுகிறார்கள் என்றால் அதைப் பழைய வழக்கம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. வேண்டிக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இன்னும் மிச்சமிருக்கிறது.

அடுத்த வாரம் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டுவோம். சின்னாற்றைக் கடந்து, மறையூரின் கல்திட்டைகளுக்கு.

(தொடரும்)